கிட்டப் போனாலே தட்டான் பறந்துடுதா? தள்ளி நின்னே க்ளோஸ்-அப் எடுக்கலாம்!

செல்போனை நீட்டினதுமே தட்டான் எஸ்கேப் ஆகிடுதா? பிரச்னை உங்ககிட்ட இல்லை, தூரத்துலதான். 70-300 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸ் இருந்தா, தனியா மேக்ரோ லென்ஸ் வாங்காமலே சமாளிக்கலாம்.

எதை மாட்டணும்?

ஃபில்டர் மாதிரி முன்பக்கம் திருகி மாட்டும் +2 க்ளோஸ்-அப் லென்ஸ் போதும். ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்தால், அரை மீட்டர் தள்ளி இருக்கும் பூச்சி ஷார்ப்பாகத் தெரியும். 300 மி.மீ.-ல் 0.6 மடங்கு பெரிதாக்கம் கிடைக்கும். ஏ.பி.எஸ்-சி கேமராவில், சுமார் 4 செ.மீ. அகலமுள்ள பட்டாம்பூச்சி ஃப்ரேமையே நிறைத்துவிடும். இரண்டு கண்ணாடிகள் சேர்ந்த 'அக்ரோமேட்' வகையாகப் பார்த்து வாங்குங்க. ஓரங்களில் கலர் பிரிவது குறையும்.

எக்ஸ்டென்ஷன் டியூப்?

25 மி.மீ. டியூப், 50 மி.மீ. லென்ஸில் 0.5 மடங்கு கூட்டும். 300-ல் வெறும் 0.08தான்!

எப்படி எடுப்பது?

அதிகாலையில் கிளம்புங்க. உடம்பு சூடேறும்வரை தட்டான் சட்டென்று பறக்காது. எஃப் 11 வைத்து, ஃபோகஸ் ரிங்கைத் தொடாமல், நீங்களே முன்னும் பின்னும் அசைந்து அதன் கண்ணை ஷார்ப்பாக்குங்க.

பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மயக்கி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். போட்டோவுக்குப் பிறகும் அது பறக்கணும் இல்லையா?