குளிர்நாடு சென்ற காந்தள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வேலிகளில் மாரிமழையோடு தளிர்த்து, கார்த்திகைத் திங்களிற் செஞ்சுடர்போல் மலர்வது கார்த்திகைப்பூ. சங்கச் சான்றோர் இதனைக் காந்தள் என்றனர். குறிஞ்சிப்பாட்டின் மலர்நிரலில் முதலிடம் பெற்றதும், திருமுருகாற்றுப்படையில் முருகன் சூடுவதும் இதுவே. மாரி ஓய்ந்தபின் கொடி பட்டுவிடும். கிழங்கோ கோடை முழுவதும் மண்ணுள் உறங்கும். ஆண்டுதோறும் பழங்கிழங்கு வற்ற, அதனிடத்துப் புதுக்கிழங்கு திரளும்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கும்பனியின் மருத்துவராய் இலங்கையிற் பணிபுரிந்த பவுல் எர்மன், பின்னர் இலெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அப்பல்கலைக்கழகத் தோட்டத்தைப் பற்றி 1687 இல் அவர் வெளியிட்ட நூலில் இச்செடி ‘மலபாரிகளின் மெத்தோனிக்கா’ எனக் குறிக்கப்பட்டது. ஒல்லாந்தர் மலபாரிகள் என்றது தமிழரையும் உள்ளடக்கும். மெத்தோனிக்கா என்பது மேந்தோன்னி என்னும் மலையாளப் பெயரின் திரிபு. அதுவும் ‘தோன்றி’ என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இனமானதே.

உறைபனி இக்கிழங்கைக் கொல்லும். ஆதலின் குளிர்நாட்டுத் தோட்டக்காரர் பனிக்குமுன் அதனை அகழ்ந்தெடுத்து, உலர்ந்த இடத்திற் காத்து, இளவேனிலில் மீண்டும் நடுவர். இங்கு வறட்சிக்கு அஞ்சி உறங்கிய கிழங்கு அங்குப் பனிக்கு அஞ்சி உறங்குகின்றது.

கிழங்கு குளிரைக் கடந்தது, பெயர் கடக்கவில்லை. 1753 இல் வெளிவந்த இலின்னேயசின் நூலால் ‘குளோரியோசா சுபேர்பா’ என்னும் இலத்தீன் பெயரே நிலைபெற்றது. நம்மவர் வாய்மொழியின் சாயலைத் தாங்கிய மெத்தோனிக்கா பழம் ஏடுகளில் ஒதுங்கிற்று. அயலார் ஏட்டில் மறைந்த பெயருக்கு இரங்குவதோடு அமையாது, நம் வேலியில் நிற்கும் கொடியைக் காந்தளென அறிந்து சொல்வதே மாணாக்கர் கடன். பழங்கிழங்கு வற்றினும் புதுக்கிழங்கு திரள்வதுபோல், பெயரும் தலைமுறைதோறும் புதிதாகத் திரளவேண்டுவதொன்றே.