மையமற்ற வலையமைப்பும் பழுதறிதலும்: ஒரு வரலாற்று நோக்கு

தொடர்பாடல் வலையமைப்பொன்றின் உறுதி, அதிற் பழுதே ஏற்படாதிருப்பதில் தங்கியிருப்பதில்லை. பழுதினை விரைந்தறிந்து, செய்தியை மாற்றுவழியிற் செலுத்தும் ஆற்றலிலேயே தங்கியுள்ளது. இவ்வாற்றலின் வளர்ச்சியைத் தனிமேதைகளின் கண்டுபிடிப்பு வரிசையாகக் கூறுவோர் உளர். ஆயின், அது முரண்பாடுகளினூடாகவே வளர்ந்தது என்பதை வரலாறு காட்டுகின்றது.

1964ஆம் ஆண்டில் றான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் மையமற்ற வலையமைப்புப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். அணுவாயுதத் தாக்குதலின் பின்னும் செய்தித்தொடர்பு எஞ்சவேண்டும் என்ற இராணுவத் தேவையே அவற்றின் பின்புலமாகும். 1969இல் இயங்கத் தொடங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பும் வழிதெரியும் பொறுப்பைக் கணுக்களிடமே விட்டது. 1979இல் அதன் வழிதெரிமுறை மாற்றப்பட்டது. ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை ஏனைய யாவற்றுக்கும் அறிவித்தது. அறிவிப்புகளுட் புதியது எதுவென்பதை வரிசையெண் காட்டியது.

1980 ஒக்ரோபர் 27 அன்று இம்முறையே வலையமைப்பைப் பல மணிநேரம் முடக்கியது. வன்பொருட் பழுதொன்றினால் ஒரு கணுவின் அறிவிப்பு 8, 40, 44 என்னும் மூன்று வரிசையெண்களுடன் பரவியது. 63இன் பின் எண்கள் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குவதால், 8இலும் 40 புதியது, 40இலும் 44 புதியது, 44இலும் 8 புதியது எனக் கொள்ளப்பட்டது. மூன்றும் ஓய்வின்றிச் சுழன்றன. அவற்றைக் கையாள்வதிலேயே கணுக்கள் மூழ்கியமையால் இணைப்புகளைச் சோதிக்கும் பணி தடைப்பட்டு, நல்ல இணைப்புகளும் பழுதுற்றனவாகக் கணிக்கப்பட்டன. ஈற்றில், அக்கணுவின் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு ஏனைய கணுக்களின் நிரல்களைக் கட்டுப்பாட்டு நிலையத்தினர் திருத்தவேண்டியதாயிற்று. மையமற்ற வலையமைப்பை மையத்திலிருந்தோரின் உழைப்பே மீட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1981இல் எரிக் றோசன் இவ்வீழ்ச்சியை விரிவாக ஆராய்ந்து எழுதினார். 1989இல் வெளிவந்த ஓ.எஸ்.பி.எப். நெறிமுறை இத்தகைய பட்டறிவின் பயனாகும். சுழலும் எண்ணுக்குப் பதிலாக நேர்வரிசை எண்ணும், நினைவகத்திலுள்ள அறிவிப்பையும் சரிபார்க்கும் முறையும் அதன் பிந்திய பதிப்பில் இடம்பெற்றன. எனினும், அதன் வழக்கமான அமைப்பில் அயற்கணுக்கள் 10 செக்கனுக்கொருமுறை 'ஹலோ' செய்தி அனுப்புகின்றன. 40 செக்கன் மௌனமே பழுதாகக் கொள்ளப்படுகின்றது. குரலும் படமும் செல்லும் வலையமைப்புக்கு இது நெடும்பொழுதாகும். எனவே, பழுதறிதலைத் தனிப்பணியாகப் பிரித்த பி.எப்.டி. நெறிமுறை 2010இல் நியமமாக வெளியிடப்பட்டது. ஆளிகளில் 50 மில்லி செக்கன் இடைவெளியும் மூன்று தவறுகளும் என அமைத்தால், 150 மில்லி செக்கனிற் பழுது அறியப்படும்.

ஆயின் விரைவு தன் எதிர்மறையையும் உடன்கொணர்ந்தது. வேலைப்பளுவினாற் கணப்பொழுது தாமதித்த ஆளியும் இறந்ததாகக் கணிக்கப்படலாம். அப்போது வழிகள் யாவும் வீணே மாற்றிக் கணிக்கப்படும். 2003இல் ஓ.எஸ்.பி.எப்.இற்கு வகுக்கப்பட்ட நயமான மீள்தொடக்க முறையோ, மென்பொருள் மீளத் தொடங்கும்வரை பழைய வழிகளையே பேணுமாறு அயலவரைக் கேட்கின்றது. ஒன்று பொறுக்கச் சொல்கின்றது. மற்றது பொறுக்காதே என்கின்றது. இரண்டையும் ஒருங்கே இயக்குவோர் இம்முரணைத் தீர்த்தே ஆகவேண்டும்.

எத்துணைப் பொழுது காத்திருப்பது என்பதை இயந்திரம் தானே தீர்மானிப்பதில்லை. அவ்வெண்ணை இடுபவன் மனிதன். தவறின் விளைவைச் சுமப்போரும் மனிதரே. 1980இன் அனுபவம் இன்றும் உணர்த்துவது இதுவேயாகும்.