தாழ்ப்பாள் பேனா

மீட்டிங்கில் பக்கத்து சீட்காரர் 'டிக்... டிக்...' என்று பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் உங்களுக்கு எரிச்சல் வருமா, வராதா? எனக்கு வரும். ஆனால், அந்த 'டிக்'குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிறகு எரிச்சல் கொஞ்சம் குறைந்துவிட்டது.

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் கிளிக் பேனாவை எடுங்கள். கழற்றுங்கள். (கட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஸ்பிரிங் துள்ளி அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்படித் தொலைத்தவன் சொல்கிறேன்!) உள்ளே ஒரு ரீஃபில். அதன் மூக்கில் ஸ்பிரிங். மறுமுனையில் நீங்கள் அழுத்துகிற பொத்தான். பொத்தானுக்கும் ரீஃபிலுக்கும் நடுவே, பல் பல்லாக வெட்டிய ஒரு குட்டி உருளை. வித்தையெல்லாம் இந்த உருளையில்தான். பொத்தானின் அடியிலும் சாய்ந்த பற்கள் உண்டு. அழுத்தும்போது பல்லின் மேல் பல் வழுக்கி, உருளை ஒரு பல் தூரம் சுற்றிவிடுகிறது. கையை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பின்னால் தள்ளும். பேனாவின் உட்சுவரிலோ ஒன்றுவிட்டு ஒன்று ஆழமான பள்ளம், ஆழமில்லாத பள்ளம். ஆழமில்லாததில் மாட்டிக்கொண்டால் முனை வெளியே நிற்கும். அடுத்த கிளிக்கில் ஆழமானதில் விழும். முனை உள்ளே போய்விடும். அவ்வளவுதான். ஐந்து ரூபாய் பேனாவுக்குள் இத்தனை கணக்கு!

சரி, இதை நீங்களே கையால் செய்ய முடியுமா?

பேனாவைக் கையால் கடைவதை உலகம் முழுக்கப் பலர் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். பெரும்பாலானவர்கள் வாங்குவது 'கிட்'. ஒரு பாக்கெட்டில் பித்தளைக் குழாய், கிளிப், முனை, கிளிக் மெக்கானிசம் எல்லாம் ரெடியாக இருக்கும். ஒரு மரத்துண்டில் துளை போட்டு, அந்தக் குழாயைச் செருகி ஒட்டி, மரத்தை லேத்தில் அழகாகக் கடைந்து, மற்றதை அழுத்திப் பொருத்தினால் 'நானே செய்த பேனா' தயார். இவர்களுக்குள்ளேயே ஒரு கோஷ்டி முகம் சுளிக்கிறது. "மேல்சட்டை மட்டும்தானே ஐயா உம்முடையது? உள்ளே இருக்கிற ஆள் யார்?" என்று கேட்கிறது. நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வி வடசென்னைக்குப் புதிதே அல்ல. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை அந்தக் கடற்கரைச் சாலையின் கதையே இதுதான். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியதே, அதன் இன்ஜின் இங்கிலாந்தில் செய்தது. பெட்டிகளை மட்டும் சென்னையின் சிம்சன் கம்பெனி செய்து கொடுத்தது. அதாவது சட்டை நம்முடையது, உள்ளே இருக்கும் ஆள் வெள்ளைக்காரன்!

சுதந்திரம் வந்த மறு வருடம், 1948-ல், அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. எண்ணூரில் அவர்கள் செய்தது என்ன? இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டி ஆஸ்டின் ஏ40 கார்களை வெளியே அனுப்பினார்கள். அசல் கிட்! பிறகு லேலண்ட் லாரிகள் வந்தன. பாகங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே செய்வது என்ற திட்டத்துக்கு 1954-ல் அரசு அனுமதி தந்தது. 1955-ல் பெயர் அசோக் லேலண்ட் ஆனது.

அதே 1955-ல் திருவொற்றியூர்க் கதையும் ஆரம்பம். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை உருவாக்கின. முதலில் வந்த புல்லட்டுகள் முழுக்க முழுக்க இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டியவை. 1957-ல் அந்தப் பாகங்களைச் செய்வதற்கான கருவிகளையே சென்னைக்கு விற்றார்கள். 1962-ல் புல்லட்டின் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே தயாராகிவிட்டன. ஏழே வருடம்! இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. 1977-ல் புல்லட்டை பிரிட்டனுக்கே ஏற்றுமதி செய்தார்கள்.

அந்த ஏழு வருடத்தில் ஆலைக்கு வந்தது மெஷின் மட்டுமல்ல, கையும்தான். வரைபடத்தைப் பார்த்து லேத்தில் கடைந்து, மரை வெட்டி, அளவு பார்க்கத் தெரிந்த டர்னர்களும் ஃபிட்டர்களும் ஆயிரக்கணக்கில் உருவானார்கள். கிட்டைப் பூட்டத் தெரிந்தவனுக்கும் பாகத்தையே செய்யத் தெரிந்தவனுக்கும் உள்ள தூரம் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

லாரிக்கும் புல்லட்டுக்கும் முன்பே இந்தப் பரீட்சையை எழுதியது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு பேனா!

ராஜமுந்திரி. அப்போது அது நம் சென்னை மாகாணத்து ஊர். கே.வி.ரத்னம் என்பவர் 1932-ல் அங்கே பேனாத் தொழிலைத் தொடங்கினார். காந்தியைச் சந்தித்தபோது, ஜனங்களுக்குப் பயன்படுகிற ஏதாவது ஒரு சுதேசிப் பொருளைச் செய்யச் சொன்னார் என்பது அந்தக் குடும்பம் சொல்லிவரும் கதை. ரத்னம் அனுப்பிய பேனா காந்தியிடம் நேராகப் போகவில்லை. வழியில் ஒரு தமிழர் நின்றார். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பா. லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, காந்தியின் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திக்கொண்டிருந்தவர். ஆடிட்டர் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா? அவர் மூலம் வந்த பேனாவை எழுதிப் பார்த்துவிட்டு, 1935 ஜூலை 16-ம் தேதி வார்தாவிலிருந்து காந்தி நன்றிக் கடிதம் எழுதினார். கடைத்தெருவில் கிடைக்கும் அந்நியப் பேனாக்களுக்கு இது ஒரு நல்ல மாற்றாகத் 'தோன்றுகிறது' என்றார். அந்த 'தோன்றுகிறது'வைக் கவனியுங்கள். பாராட்டிலும் அளவு பார்த்த மனிதர்!

இத்தகைய பேனாக்களின் உடம்பு எபோனைட். ரப்பர்தான். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் டயர் போல வளைந்து கொடுக்கும். கந்தகத்தை முப்பது பங்கு போல ஏற்றி, பொறுமையாக வேகவைத்தால் கருங்காலி மரம் போல இறுகிவிடும். (1946-ல் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் பலூன் செய்ய ஆரம்பித்துத்தான் எம்.ஆர்.எஃப். டயருக்குப் போனது. பலூன், டயர், பேனா மூன்றும் ஒரே பால் குடித்த பிள்ளைகள்.) எபோனைட் கம்பியை லேத்தில் பிடித்துக் கடையும்போது லேசாகக் கந்தக வாடை வரும். நடுவில் துளை, கழுத்துக்கு மரை, மூடிக்கு உள்மரை. வாட்டர் பேப்பரில் தேய்த்து, துணியில் பாலீஷ். எபோனைட்டின் பெருமை, மை அதன் மேல் ஒழுங்காகப் பரவும் என்பது. அதனால்தான் நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கையும் அதிலேயே செய்தார்கள்.

பாரிமுனையின் ஜெம் அண்ட் கோ கடை சுதந்திரத்துக்கு முன்பிருந்தே பேனாவுக்குப் பேர் போனது. 'காமா' என்ற பெயரில் இத்தகைய எபோனைட் பேனாக்களை விற்றது. நகரத்திலிருந்து மின்சார ரயிலில் போய்விடக்கூடிய திருவள்ளூரில் பேனா கடைவது பலருக்குக் குடும்பத் தொழிலாகவே இருந்தது. 'ரங்கா' பேனாக்கள் அங்கிருந்து வந்தவைதான். போட்டி வேறு திசையிலிருந்தும் வந்தது. 1969-ல் துறைமுகத்தை ஒட்டி பர்மா பஜார் உருவானது. சீனத்து ஹீரோ பேனாவை அங்கே பேரம் பேசி வாங்கி, பரீட்சைக்கு எடுத்துப் போன தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

ஹீரோவிடம்கூடத் தாக்குப் பிடித்திருக்கலாம். அடித்தது பால்பாயின்ட்.

உருளும் குண்டு வைத்த பேனாவுக்கு 1888-லேயே அமெரிக்காவில் ஜான் லவுட் காப்புரிமை வாங்கிவிட்டார். தோலில் அடையாளம் போடுவதற்கு! தாளில் எழுத அது உதவவில்லை. ஹங்கேரிப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ 1938-ல் உருப்படியாக ஒன்றைச் செய்தார். யுத்தத்துக்குத் தப்பி அர்ஜென்டினா போய் 1943-ல் அதை மேம்படுத்தினார். 1945 அக்டோபர் 29-ம் தேதி மில்டன் ரெனால்ட்ஸ் என்பவரின் பேனா நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடைக்கு வந்தது. விலை பன்னிரண்டரை டாலர். அந்த ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் விற்றது. அது சட்டையில் ஒழுகிய கதை தனி.

கிளிக்கைக் கௌரவமாக்கியது பார்க்கரின் ஜாட்டர், 1954 ஜனவரி. அதில் ஒரு அழகு. ஒவ்வொரு கிளிக்குக்கும் ரீஃபிலே கால் வட்டம் திரும்பிக்கொள்ளும். குண்டைத் தாங்கும் கிண்ணம் ஒரே பக்கமாகத் தேய்ந்துவிடக் கூடாதே! 1980-களில் ரெனால்ட்ஸ் என்ற பெயரிலேயே சென்னையில் தயாரான வெள்ளை உடம்பு, நீல மூடிப் பேனா வந்தபோது ஆட்டம் முடிந்துவிட்டது. கையெழுத்து கெட்டுப்போகும் என்று வாத்தியார்கள் எச்சரித்தார்கள். யார் கேட்டார்கள்? திருவள்ளூரில் லேத்துகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

விலை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. மைப் பேனாவின் நிப்பைக்கூட ஒரு தட்டான் முயன்றால் அடித்துவிடலாம். ஆனால், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உலோகக் குண்டை, சுழல வேண்டும், ஆனால் விழக் கூடாது, மை வர வேண்டும், ஆனால் ஒழுகக் கூடாது என்று கிண்ணத்தில் உட்கார வைப்பது எந்தக் கைக்கும் சாத்தியமில்லை. பேனாவின் இதயம் முதல் முறையாகப் பட்டறையை விட்டு வெளியே போய்விட்டது.

ஆகவே, கிட் இல்லாமல் கிளிக் பேனா செய்யப்போகிற நீங்கள் முதலிலேயே ஒரு தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். ரீஃபிலை வாங்கித்தான் ஆக வேண்டும். பார்க்கர் அளவு ரீஃபிலை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 98 மில்லிமீட்டர். இன்று ஜி2 என்ற பெயரில் அது உலகத் தரமாகிவிட்டது. பல கம்பெனிகள் செய்வதால் நாளைக்கு ஒரு கம்பெனி மூடினாலும் உங்கள் பேனா அநாதை ஆகாது.

அடுத்து, கிளிக். இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, மெக்கானிசத்தை மட்டும் வாங்குவது. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் மலைப்பகுதியில் இருக்கும் ஷ்மிட் கம்பெனி, திருகிப் பொருத்திக்கொள்ளும் உலோக மெக்கானிசம் செய்கிறது. கையால் பேனா செய்கிறவர்களில் நிறையப் பேர் நாடுவது அதைத்தான். ஆயிரம் தடவை தட்டினாலும் அலுக்காது. உடம்பில் அதற்கேற்ற மரை வெட்டினால் போதும். இது கிட்டா, இல்லையா? அரைக் கிட் என்பேன். தப்பில்லை. ஆனால், குமரப்பா கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கையால் கடைந்த நம் எபோனைட் மைப் பேனாக்களிலேயே இன்று பலவற்றில் ஜெர்மன் நிப்தானே இருக்கிறது!

இன்னொரு வழி, எனக்குப் பிடித்தது. பல் சக்கரமே வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவைப் பாருங்கள். தாழ்ப்பாளைத் தள்ளி, குமிழைப் பக்கவாட்டில் சாய்த்தால் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்கிறதா? அதையே பேனாவுக்குச் சின்னதாக்குங்கள். உடம்பில் 'ட' எழுத்து மாதிரி ஒரு வெட்டு. ரீஃபிலின் பின்னால் ஒரு சின்ன உருளை. அதில் திருகிய ஒரு குமிழ் வெட்டின் வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தள்ளி, பக்கத்துப் பள்ளத்தில் விடுங்கள். ஸ்பிரிங் அதை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கிக்காரர்கள் இதை 'போல்ட் ஆக்‌ஷன்' என்பார்கள். புகழ்பெற்ற லீ என்ஃபீல்டு ரைஃபிள் இந்த வகைதான். அந்த ரைஃபிளுக்கும் புல்லட்டுக்கும் பெயர் தந்தது ஒரே என்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலைதான். அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்த பழக்கத்தில்தான் ரெட்டிச் கம்பெனி அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. புல்லட்டின் பழைய விளம்பர வாசகமே 'துப்பாக்கி போலச் செய்தது' என்பதுதான்! திருவொற்றியூரில் டர்னராக இருந்த எவருக்கும் இந்தத் தாழ்ப்பாள் ஒரு மத்தியான வேலை.

எபோனைட்டில் நேரடியாக வெட்டினால் பள்ளத்தின் விளிம்பு நாளடைவில் தேயும், உடையவும் கூடும். உள்ளே ஒரு பித்தளைக் குழாய் கடைந்து போட்டு, வெட்டை அதில் போடுங்கள். முனை வெளிவரும் துளை ரொம்ப இறுக்கமாக இருந்தால் ரீஃபில் சிக்கும். தளர்ந்தால் எழுதும்போது லொடலொடக்கும். ரீஃபில் முனையையே அதில் விட்டு விட்டுப் பார்த்து, கடைசிப் பிசிறு வரை கையால் எடுக்க வேண்டும். பக்கவாட்டுப் பள்ளம் எங்கே என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பின்னால் போனால் முனை சரியாக வெளியே வராது. முன்னால் போனால் வேண்டாத அளவுக்கு நீட்டிக்கொண்டு ஆடும். அதனால் அதை முதலில் வெட்டிவிடாதீர்கள். துளை, மரை, குழாய், ஸ்பிரிங் எல்லாம் முடித்துப் பூட்டிய பிறகு, முனையை வேண்டிய அளவு வெளியே தள்ளிப் பிடித்துக்கொண்டு, குமிழ் நிற்கும் இடத்தில் ஒரு கோடு கிழியுங்கள். கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தி வெட்டுங்கள். மீதியை முனையைப் பார்த்துப் பார்த்து, சின்ன அரத்தால் ராவிக்கொள்ளலாம்.