உவர் நிலமும் பார்வை மானும்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யன்னல் கம்பிகளை அது அரிக்கிறது. துவிச்சக்கர வண்டியின் சங்கிலியைத் துருப்பிடிக்க வைக்கிறது. கடற்காற்றோடு வந்து உதட்டில் ஒட்டிக்கொள்கிறது. இங்கே உப்பு வேண்டாத விருந்தாளி. ஆனால் நேயர்களே, கடல் எட்டாத காடுகளில் உப்புக்காக உயிரையே பணயம் வைக்கும் பிராணி ஒன்று உண்டு. அது மான். இன்றைய பேச்சு அந்த மானையும், அதன் பசியை அறிந்து காத்திருந்த மனிதனையும் பற்றியது.

புல்லும் இலையும் தின்று வாழும் விலங்குகளுக்கு உணவில் உப்பு போதாது. செடிகளில் சோடியம் மிகக் குறைவு. மழை மிகுந்த இடங்களில் மண்ணிலுள்ள உப்பையும் நீர் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. குட்டிக்குப் பால் கொடுக்கும் பிணைக்கும், உதிர்ந்த கொம்பை மீண்டும் வளர்க்கும் கலைக்கும் தாதுப் பொருள்களின் தேவை இன்னும் அதிகம். எனவே உவர் மண் வெளிப்பட்ட இடங்களைத் தேடி மான்கள் வருகின்றன, மண்ணை நக்குகின்றன. யானையும் எருமையும் இதையே செய்கின்றன. ஆண்டாண்டாக அவை நடந்த தடம் காட்டில் பாதையாகவே பதிந்துவிடுகிறது. அந்தப் பாதையை முதலில் படித்தவன் வேடன்.

மானைத் துரத்திப் பிடிப்பது கடினம். அதற்கு எது தேவையோ அந்த இடத்தில் போய் இருந்துகொண்டால் துரத்த வேண்டியதே இல்லை. வேட்டையின் வரலாற்றில் இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு எனலாம். உப்பு, நீர், துணை என்னும் மூன்று தேவைகளும் மூன்று பொறிகளாயின. நம் பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதுதான் வியப்பு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே எயினரின் வேட்டை ஒன்று வருகிறது. மழை பொய்த்த காலம். மானின் அடிச்சுவடுகள் பதிந்த வழிகளின் அருகே, நீர் வேண்டித் தோண்டிய குழிகளைச் சூழ்ந்த பள்ளங்களுக்குள்ளே வேடர்கள் ஒளிந்திருக்கிறார்கள். நேரம் நள்ளிரவு. அன்று அவர்கள் எதிர்பார்த்திருப்பது காட்டுப் பன்றியை. ஆனால் சுவடு மானுடையது. தாகம் எந்த விலங்கையும் அந்தக் குழிக்குக் கொண்டுவரும் என்பதே அவர்களுடைய கணக்கு. அதே எயினர் குடியிருப்பில், வீட்டு முற்றத்து விளாமரத்திலே ஒரு மான் கட்டப்பட்டிருக்கிறது. அது பார்வை மான். காட்டு மானைக் கவர்ந்திழுக்க வளர்க்கப்பட்ட மான். ‘பார்வை’ என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் இருந்தது என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம்.

உவர் நிலத்து மானை வேறொரு புலவர் கண்டிருக்கிறார். புறநானூற்றின் 193ஆம் பாட்டைப் பாடிய ஓரேருழவர் அவர். தோலை உரித்து விரித்தாற் போன்ற நீண்ட வெண்களர் நிலம். அதிலே ஒருவன் ஒரு மானைத் துரத்துகிறான். மறைவதற்கு ஒரு புதர் கூட இல்லை. அந்த மான் உப்புக்காக அங்கே வந்தது என்று புலவர் சொல்லவில்லை. அவருடைய கவலை வேறு. ஓடித் தப்பவும் கூடும். ஆனால் சுற்றத்தோடு கூடிய வாழ்க்கை தம் காலைத் தடுக்கிறது என்கிறார். குடும்பஸ்தனின் மனத்தைச் சொல்ல அவருக்குக் கிடைத்த உவமை, களர் நிலத்தில் அகப்பட்ட மான். கொழும்பில் மாத வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இடையே ஓடுகிற எவருக்கும் இந்தப் பாட்டுக்கு உரை தேவைப்படாது.

தமிழகத்தை விட்டு நம் தீவுக்கு வருவோம். கண்டி இராச்சியத்திலே 1660ஆம் ஆண்டு முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட நூலிலே மான் வேட்டை ஒன்றை விவரிக்கிறார். நிலவில்லாத தூறல் இரவு. ஒருவன் தலையிலே பிரம்புக் கூடை. அதனுள்ளே ஓட்டில் நெருப்பு. பிசின் மிகுந்த ஒரு மரத்தின் துண்டுகள் அதிலே சுடர்விட்டு எரிகின்றன. வெளிச்சம் முன்னே விழுகிறது. கூடை ஆளை மறைத்துவிடுகிறது. காலடி ஓசை கேளாதிருக்கக் கையிலே சிறு மணிகளை ஒலித்தபடி அவன் வெளிகளிலும் குளக்கரைகளிலும் நடக்கிறான். பின்னாலே வில்லும் அம்புமாக மற்றவர்கள். மான் வெளிச்சத்தைக் கண்டு நின்றுவிடுகிறது. அதற்குத் தெரிவது சுடர் மட்டும். கேட்பது மணி மட்டும். உப்பு பசியை இழுப்பது போல, ஒளி கண்ணை இழுக்கிறது.

ஆனால் இத்தீவின் மிகப் பழைய மான் வேட்டைக் கதை மகாவம்சத்திலே உள்ளது. தேவநம்பிய தீசன் மிகிந்தலைக் குன்றில் வேட்டைக்குப் போகிறான். குன்றின் தேவதை ஒன்று மரையின் உருவெடுத்து அவன் முன்னே மேய்ந்து நிற்கிறது. கவனமின்றி நிற்கும் விலங்கைக் கொல்வது தகாது என்று எண்ணிய மன்னன் வில்நாணை ஒலிக்கச் செய்கிறான். மரை ஓடுகிறது, மன்னன் துரத்துகிறான், மகிந்த தேரர் இருந்த இடத்தருகே அது மறைந்துவிடுகிறது. இங்கே வேடனே வேட்டைப் பொருளாகிறான். மானைக் காட்டி மன்னனைப் பிடித்த கதை இது.

இதே உருவகம் சைவ சித்தாந்தத்திலும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் தமது திருவருட்பயனிலே, விலங்கைப் பிடிக்க அதே இனத்து விலங்கைப் பார்வையாக வைப்பது போல, உயிர்களை ஆட்கொள்ள இறைவன் மனித வடிவிலே குருவாக வருகிறான் என்கிறார். அவ்வடிவம் வெறும் போர்வை என்பதை உலகம் அறியவில்லை என்பது அவருடைய வருத்தம். இரு சமயங்களும் வேடனின் தந்திரத்தை எடுத்துக் கருணையின் தந்திரமாக மாற்றியிருக்கின்றன. பக்கத்து வீட்டார் இருவரும் ஒரே கிணற்றில் நீர் அள்ளியிருப்பதைக் காண மனம் மகிழ்கிறது.

பிரித்தானியர் காலத்திலே வேட்டையின் முகம் மாறியது. நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் நாய்களை ஏவி மரைகளை விரட்டினார். அதைப் பற்றி 1850களில் நூல் எழுதிப் புகழ் பெற்றார். மான் தோலும் கொம்பும் கப்பலேறின. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளின் விறாந்தையில் தொப்பி மாட்டும் மான்கொம்பைக் கண்டவர்கள் நம்மிடையே இருப்பார்கள். விலங்குகள் அருகியபோது, வேட்டைப் பிரியர்களே கூடி 1894இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை அமைத்தார்கள். 1937ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. யாலவும் வில்பத்தும் அதே ஆண்டில் தேசிய பூங்காக்களாயின.

குதிரையேறி நாய்களோடு துரத்துவது வீரம்; நீர்க்குழியருகே பதுங்கியிருப்பது கோழைத்தனம் என்று கனவான் வேட்டைக்காரர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது, பாதி நியாயம்தான். நீருக்கும் உப்புக்கும் வரும் விலங்கு தப்பவே வழியில்லாத விலங்கு என்பது உண்மை. ஆனால் பொழுதுபோக்குக்காகச் சுட்டவனும் வீட்டில் அடுப்பு எரியாததால் பதுங்கியவனும் ஒருவரல்லர். இந்த மற்றப் பாதியை எழுதியவர் ஓர் ஆங்கில அதிகாரி. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், அங்குள்ள உப்பளங்களின் அறுவடையை மேற்பார்த்தவர். ஊர் திரும்பி 1913இல் அவர் வெளியிட்ட ‘காட்டிலே ஒரு கிராமம்’ என்ற பொருள்படும் நாவலின் தொடக்கத்திலேயே வரட்சிக் காட்டின் நீர்க்குழிகளும் விலங்குகளின் தாகமும் அச்சமும் வருகின்றன. அதன் நாயகன் சிலிந்து ஒரு வேட்டைக்காரன். காட்டை அறிந்த அவனால் கச்சேரியை அறிய முடியவில்லை. விலங்குக்கு நீர்க்குழி போல அவனுக்குச் சட்டம் பொறியாகிறது. 1980இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இக்கதையைப் படமாக்கினார்.

சிலிந்து கற்பனை, ஆனால் 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனமானபோது தம் வேட்டை நிலத்தை இழந்த வேடுவ மக்கள் கற்பனையல்லர். மானைக் காக்கும் சட்டம் தேவை. அந்தச் சட்டத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் தேவை.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஓர் அருமையான விதியை வைத்திருந்தது. உரிமப் பத்திரம் பெற்றவன் கூட, உப்பு நக்கும் இடத்திலோ நீர்நிலையிலோ அவற்றுக்குச் செல்லும் வழியிலோ விலங்கை வேட்டையாடக் கூடாது. 1991இல் உரிமப் பத்திர வேட்டையே நீக்கப்பட்டபோது அந்த விதியும் போயிற்று. ஆனால் அது சொன்ன அறம் பழையதாகவில்லை. தேவையால் தலை குனிந்திருப்பவன் மீது அம்பு விடாதே என்பதே அது. மிகிந்தலையில் நாணை ஒலித்த மன்னனுக்கும் அது தெரிந்திருந்தது.

இன்று அமெரிக்காவிலே மான்களை இழுக்கும் தாதுக் கட்டிகளும் மணத் திரவங்களும் கடைகளிலே விற்பனையாகின்றன. அங்கேயே பல மாநிலங்கள் இவற்றைக் கட்டுப்படுத்தவும் தொடங்கியுள்ளன. 1967இல் கொலராடோவில் முதலில் காணப்பட்ட ஒரு மூளை நோய், ஒரே இடத்தில் பல மான்கள் கூடி நக்கும்போது எச்சில் வழியாகப் பரவுகிறது, மண்ணிலும் தங்கிவிடுகிறது. நம் நாட்டிலே கவர்ச்சிப் பொறி இன்னும் கொடிய வடிவம் எடுத்திருக்கிறது. தீனிக்குள் வெடிமருந்தை மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டஸ்’ பன்றிக்கென வைக்கப்படுகிறது. அதைக் கடித்த யானைக் குட்டிகள் வாய் சிதறிப் பட்டினியால் சாகின்றன. பதுங்கியிருந்த எயினன் தன் இரையைக் கண்ணால் கண்டான். இந்தப் பொறிக்குக் கண்ணே இல்லை.

அன்பினாலும் நாம் பொறி வைக்கிறோம். திருகோணமலைக் கோட்டைக்குப் போகிறவர்கள் புள்ளிமான்களுக்குத் தின்பண்டம் நீட்டுகிறார்கள். ஹோட்டன் சமவெளியில் மரைகள் வாகனங்களை நோக்கி வருகின்றன. உப்பும் இனிப்பும் ஒட்டிய பொலித்தீன் பையை விலங்கு பையென்று அறியாது.

முடிக்குமுன் புறநானூற்றின் 320ஆம் பாட்டுக்குப் போவோம். பாடியவர் வீரை வெளியனார். வேடன் முற்றத்து நிழலில் அயர்ந்து தூங்குகிறான். கட்டியிருந்த பார்வைப் பிணையிடம் காட்டிலிருந்து ஒரு கலைமான் வந்து கூடி விளையாடுகிறது. பொறி பலித்துவிட்டது, கணவனை எழுப்பினால் போதும். ஆனால் மனைவி எழுப்பவில்லை. அவன் விழித்துவிடுவானோ, கலை பிணையைப் பிரிந்துவிடுமோ என்று அஞ்சி, அசையாமல் இருக்கிறாள். அதற்குள் மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்றுவிடுகின்றன. வீட்டு உணவு போயிற்று.

அவள் வறியவள், இறைச்சியின் அருமை தெரிந்தவள். ஆயினும் அந்த ஒரு நாழிகை தன் பசியைவிட மானின் இன்பத்தைப் பெரிதாக மதித்தாள். வேட்டையின் நீண்ட வரலாற்றில் வெற்றி பெற்றவர்களின் கொம்புகள் சுவர்களிலே தொங்குகின்றன. வேட்டையை நழுவவிட்ட இந்தப் பெண்ணுக்கு ஒரு பாட்டு இருக்கிறது. நமக்கு அது போதும்.