முடக்கு வாத மூட்டுகளில் பி உயிரணுக்கள்

முடக்கு வாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் நாட்பட்ட நோயாகும். ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. பிறபொருளெதிரிகளை உருவாக்கும் வெள்ளையணு வகையான பி உயிரணுக்கள் இந்நோயில் முதன்மையான பங்கு வகிக்கின்றன.

பிறபொருளெதிரிகள்

நோயாளிகளின் குருதிநீர் செம்மறியாட்டின் சிவப்பணுக்களை வழக்கத்துக்கு மாறாக ஒட்டித் திரளச் செய்வதை நார்வே நாட்டு மருத்துவர் எரிக் வாலர் 1940 இல் வெளியிட்டார். இதற்குக் காரணமான பொருள் பின்னர் முடக்குவாதக் காரணி எனப் பெயர் பெற்றது. இது பிறபொருளெதிரிக்கு எதிரான பிறபொருளெதிரி. காசநோய், தொழுநோய் உள்ளவர்களிடமும் நலமான முதியோர் சிலரிடமும் இது காணப்படுவதால், இதை மட்டும் கொண்டு நோயை உறுதி செய்ய இயலாது. புரதங்களிலுள்ள ஆர்சினைன் சிட்ருலினாக மாறும்போது அவற்றுக்கு எதிராகத் தோன்றும் பிறபொருளெதிரிகளே கூடுதல் நம்பகமானவை. வீக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இவை குருதியில் இருக்கக்கூடும்.

மூட்டினுள் நிகழ்வது

நலமான மூட்டின் உட்சவ்வு ஓரிரு உயிரணு அடுக்குகளே கொண்டது. முடக்கு வாதத்தில் அது தடித்து, புதிய குருதிக்குழாய்கள் பெருகி, டி உயிரணுக்களும் பி உயிரணுக்களும் அங்கே குடியேறுகின்றன. நோயாளிகளுள் ஒரு பகுதியினரிடம் இவை நிணநீர்க்கணு போன்ற திரள்களாகவே அமைகின்றன. நிணநீர்க்கணுவில் நடைபெற வேண்டிய தேர்வும் முதிர்ச்சியும் மூட்டுக்குள்ளேயே நடைபெறுகின்றன எனலாம். பி உயிரணுக்களின் பணி பிறபொருளெதிரி ஆக்கத்தோடு முடிவதில்லை. அவை டி உயிரணுக்களைத் தூண்டுகின்றன, எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களை ஊக்குவிக்கும் புரதங்களையும் சுரக்கின்றன. எலும்பு அரிப்பு பலருக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது.

காவிரிப் படுகையில் கவனிக்க வேண்டியவை

தஞ்சாவூர் வட்டாரத்தில் நாற்று நடவு பெரும்பாலும் பெண்கள் கையால் செய்துவந்த வேலை. இந்நோய் முதலில் பற்றும் மணிக்கட்டு, விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு ஆகியவையே அவ்வேலைக்கு வேண்டியவை. எனவே வலியை வேலைக் களைப்பு என்று எண்ணிவிடுவது எளிது. பேச்சுவழக்கில் எல்லா மூட்டுவலியும் 'வாதம்' எனப்படுவதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. உழைப்பால் வரும் வலி பொதுவாக ஓய்வில் தணியும். முடக்கு வாதத்திலோ காலை விறைப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். அசைவு கொடுத்தபின்னரே தளரும். 2006 இல் தமிழகத்தில் பரவிய சிக்குன்குனியாவும் சிலருக்கு மாதக்கணக்கில் இதுபோன்ற மூட்டுவலியை விட்டுச்செல்லும். ஆனால் சிட்ருலின் எதிர்ப்புச் சோதனை அவர்களிடம் பெரும்பாலும் எதிர்மறையாகவே இருக்கும்.

பி உயிரணு நீக்கச் சிகிச்சை

முதல் மருந்து வழக்கமாக மெத்தோட்ரெக்சேட்டே. இதை வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டும். நாள்தோறும் உட்கொள்வது உயிருக்கே ஆபத்து. பி உயிரணுக்களை நீக்கும் ரிட்டுக்சிமாப் முதலில் நிணநீர்ப் புற்றுநோய்க்காக 1997 இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. இலண்டனில் சோனதன் எட்வர்ட்சு குழுவினர் 2001 இல் ஐந்து முடக்குவாத நோயாளிகளிடம் இதன் பயனை அறிவித்தனர். 2006 இல் இந்நோய்க்கும் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீசு நிறுவனம் 2007 இல் இதன் ஒத்த மருந்தை இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. இம்மருந்து சிடி20 என்னும் புரதத்தைப் பற்றுகிறது. பிறபொருளெதிரிகளைச் சுரக்கும் முதிர்ந்த பிளாசுமா உயிரணுக்களில் அப்புரதம் இல்லை. ஆகவே அவை தப்பிவிடுகின்றன; பிறபொருளெதிரிகள் முழுவதும் மறையாமலேயே பலருக்கு வீக்கம் தணிவது, பி உயிரணுக்களின் பிற பணிகளின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. உடலில் உறங்கும் கல்லீரல் அழற்சி பி தீநுண்மி மீண்டும் கிளர்ந்தெழக்கூடும் என்பதால் அதற்கான சோதனை முன்னரே செய்யப்படுகிறது. நீக்கப்பட்ட பி உயிரணுக்கள் திரும்பத் தோன்றப் பல மாதங்களாகும்; அதுவரை தடுப்பூசிகளின் பயனும் குறைந்தே இருக்கும்.