மின்கட்டண விவாதங்கள், மைசூரு

மைசூரு மின்கட்டண விவாதங்கள் என்பன, பழைய மைசூர் அரசின் பிரதிநிதிகள் சபை தொடங்கி இன்றைய கர்நாடக சட்டமன்றம் வரை, மின்சாரம் யாருக்கு முதலில் போக வேண்டும், வீடுகளுக்கு அது என்ன விலையில் கிடைக்க வேண்டும் என்பவை பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வாதங்களாகும். மைசூரு நகரின் வடமேற்கில் உள்ள ஹெப்பாளில் இவ்வாதத்தின் இரு தரப்பும் அருகருகே வாழ்கின்றன. ஒரு பக்கம் தொழிற்பேட்டையும் இன்ஃபோசிஸ் வளாகமும், மறுபக்கம் நெருக்கமான குடியிருப்புகளும் வாடகை வீடுகளும். மைசூரு, மாண்டியா, சாமராஜநகர், ஹாசன், குடகு ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு மின்சாரம் தரும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனத்தின் தலைமையகம் பக்கத்து ஹின்கலில் இருக்கிறது.

சிவனசமுத்திரமும் பிரதிநிதிகள் சபையும்

மைசூர் பிரதிநிதிகள் சபையைத் திவான் ரங்காச்சார்லு 1881-இல் அமைத்தார். அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று 144 உறுப்பினர்களுடன் அது முதன்முறையாகக் கூடியது. இந்திய சமஸ்தானங்களில் இத்தகைய முதல் அவை இதுவே. நிலக்கிழார்களும் வணிகர்களும் மிகுந்திருந்த அச்சபை தசரா நாட்களில் மைசூரில் கூடும். திவான் ஆண்டறிக்கையை வாசிப்பார். உறுப்பினர்கள் தத்தம் தாலுகாவின் குறைகளைச் சொல்வார்கள். வரவு செலவுத் திட்டத்தின் மீது வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஆகவே மைசூர் மின்சாரத்தின் தொடக்க முடிவுகள் அனைத்தும் திவானின் அலுவலகத்தில் எடுக்கப்பட்டு, அவைக்குச் செய்தியாக வந்தவை என்றே கொள்ள வேண்டும்.

அந்த முடிவுகளில் முதன்மையானது காவிரி மின்திட்டம். பாலக்காட்டுத் தமிழரான சர் கே. சேஷாத்ரி ஐயர் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தார். காவிரியின் சிவனசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தைப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் முன்வைத்தபோது, அரசின் பணத்தை அதில் இறக்கத் துணிந்தவர் அவரே. இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்தும், சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் நிறுவனத்திலிருந்தும் வந்தன. 1902 ஜூன் 30 அன்று, 92 மைல் நீளக் கம்பிவழியே மின்சாரம் தங்கவயலைச் சென்றடைந்தது. அதைப் பார்க்கச் சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

சிவனசமுத்திரத்தை ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம் என்று எழுதுவது கர்நாடகத்தில் வழக்கம். அது சரியன்று. டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897-லேயே ஒரு சிறு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிவிட்டது. சிவனசமுத்திரத்தின் பெருமை வேறு வகையானது: உற்பத்தி செய்த இடத்திலிருந்து அவ்வளவு தூரம் மின்சாரத்தைக் கொண்டுசென்று, ஒப்பந்த விலைக்கு விற்ற முதல் இந்திய அரசு மைசூர்தான்.

வாங்கியவர்கள் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வகித்த சுரங்கக் கம்பெனிகள். அச்சுரங்கங்களில் இறங்கிய தொழிலாளர்களில் பெரும்பாலோர் வடார்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து போன தமிழர்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மின்சாரம் நகரங்களுக்கு வந்தது சுரங்கங்களுக்குப் பின்னர்தான். பெங்களூரில் 1905 ஆகஸ்டில் விளக்குகள் எரிந்தன. காவிரிக்கு மிக அருகில் இருந்த மைசூர் நகரம் 1908 வரை காத்திருந்தது. சுரங்கம், பெங்களூர், அரண்மனை, அதன் பிறகு வீடு என்ற இந்த வரிசை பிற்கால விவாதங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது.

கண்ணம்பாடி அணை

காவிரியில் கோடைகாலத்தில் நீர் குறையும். மின்உற்பத்தியும் அதோடு குறையும். சுரங்கக் கம்பெனிகளோ ஆண்டு முழுவதும் தடையில்லாத மின்சாரமும், கூடுதல் மின்சாரமும் கேட்டன. 1909-இல் தலைமைப் பொறியாளரான எம். விசுவேசுவரய்யா கண்ணம்பாடியில் அணை கட்ட வேண்டும் என்று வாதாடியதற்கு இந்த மின்தேவையே முதல் காரணமாக நின்றது. செலவைக் கண்டு நிதித் தரப்பு தயங்கியது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஒப்புதலுடன் 1911-இல் வேலை தொடங்கி, 1931-இல் கிருஷ்ணராஜசாகர் முழுமையடைந்தது. இடையில் 1924 பிப்ரவரி 18 அன்று சென்னை மாகாணத்துடன் நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

தமிழ்நாட்டில் கிருஷ்ணராஜசாகர் என்றதும் நினைவுக்கு வருவது பாசன நீர்ச் சண்டை. ஆனால் அவ்வணை எழுந்த காலத்து ஆவணங்களில் நெல்லுக்கு இணையாக, தொடக்கத்தில் அதைவிட மேலாகவே, மின்சாரம் பேசப்பட்டது. இன்றைய சொல்லில் அதை மின்வழங்கல் பாதுகாப்பு என்பார்கள். காவிரி வரலாறு எழுதுவோர் இதைப் போதுமான அளவு எடுத்துச் சொல்வதில்லை.

1907-இல் சட்ட மேலவை ஒன்று மைசூரில் ஏற்பட்டது. 1923 சீர்திருத்தங்களுக்குப் பின் அது மானியக் கோரிக்கைகளின் மீது வாக்களிக்கவும், பிரதிநிதிகள் சபை புதிய வரிகள் குறித்துக் கருத்துச் சொல்லவும் வழி பிறந்தது. மின்துறைச் செலவு அவைக்குள் முறையாக நுழைந்தது அப்போதிலிருந்துதான். சிம்ஷா நிலையம் 1940-லும், ஜோக் அருவியின் நிலையம் 1948-லும் வேலை செய்யத் தொடங்கின.

மின்வாரியக் காலம்

அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் மின்சாரம் 38-ஆம் இனமாக இடம்பெற்றதால், மத்திய அரசும் மாநிலமும் இதில் சட்டமியற்றலாம். 1948-ஆம் ஆண்டு மின்வழங்கல் சட்டப்படி 1957-இல் மைசூர் மின்வாரியம் உருவானது. கட்டணத்தை வாரியம் முடிவுசெய்தாலும் பின்னிருந்து முடிவெடுத்தது அமைச்சரவையே. எனவே சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால், பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சர் எதிரிலேயே இருந்தார்.

1964-இல் லிங்கனமக்கி அணை கட்டப்பட்டு, 1,035 மெகாவாட் வரை வளர்ந்த சராவதி நிலையம் மாநிலத்துக்கு மலிவான மின்சாரத்தைக் கொடுத்தது. அந்த மலிவே ஆபத்தாகவும் ஆயிற்று. ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1985-இல் இயங்கும் வரை கர்நாடகம் ஏறத்தாழ முழுக்க மழையை நம்பியே மின்சாரம் எடுத்தது. பருவமழை பொய்த்த ஆண்டுகளில் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் ஒருசேர வெட்டு விழுந்தது.

1970-களின் இறுதியில் வந்த பாக்ய ஜோதி திட்டம் ஏழைக் குடிசைக்கு ஒற்றை விளக்கைக் கொடுத்தது. பின்னர் அதன் அளவு மாதம் 40 யூனிட் வரை உயர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில், எஸ். பங்காரப்பா முதலமைச்சராக இருந்தபோது, 10 குதிரைத்திறன் வரையிலான பம்ப்செட்டுகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. தமிழ்நாட்டில் மு. கருணாநிதி அரசு எல்லா உழவர்களுக்கும் இதைச் செய்ததும் 1990-இல்தான்.

ஒழுங்குமுறை ஆணையமும் மானியமும்

கர்நாடக மின்சீர்திருத்தச் சட்டத்தின்படி 1999-இல் வாரியம் கலைந்தது. கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. விநியோகம் 2002-இல் தனி நிறுவனங்களுக்குப் போயிற்று. மங்களூர் நிறுவனத்திலிருந்து பிரிந்து 2005-இல் சாமுண்டேஸ்வரி நிறுவனம் தனியாக நின்றது.

இதனால் அவையின் வேலையே மாறிப்போனது. கட்டணத்தை ஆணையம் நிர்ணயிக்கும்; சட்டமன்றம் அதைத் திருத்த முடியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி, ஒரு பிரிவினருக்குச் சலுகை தர விரும்பும் மாநில அரசு அந்தத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்த வேண்டும். எனவே வீட்டு மின்சாரம் பற்றிய இன்றைய சட்டமன்றப் பேச்சு, உண்மையில் மானியத்தைப் பற்றிய பேச்சு. பில் தொகைக்கு அமைச்சர் ஆணையத்தைக் காட்டுகிறார், ஆணையம் நிலக்கரி விலையைக் காட்டுகிறது, பில் கட்டும் குடும்பம் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறது. மக்களவையில் 2022 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய மத்திய மின்துறை அமைச்சர் ஆர். கே. சிங் அறிமுகப்படுத்திய மின்சாரத் திருத்த மசோதா, ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்களை அனுமதிக்க முனைந்தது. எதிர்ப்பால் அது நிலைக்குழுவுக்குச் சென்று, அந்த அவையின் காலத்துடன் காலாவதியானது.

2023

2023 மே 12 அன்று ஆணையம் யூனிட்டுக்குச் சராசரியாக 70 பைசா உயர்த்தி, அதை ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. வீடுகளுக்கு 100 யூனிட் வரை 4.75 ரூபாய், அதைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 7 ரூபாய். அதாவது 100 யூனிட் எரித்த வீட்டுக்கு மின்பயன்பாட்டுத் தொகை 475 ரூபாய், 101 யூனிட் எரித்த வீட்டுக்கு 707 ரூபாய். ஒரு யூனிட்டுக்காக 232 ரூபாய் கூடும் இந்தப் படிநிலை நடுத்தரக் குடும்பங்களுக்கு இழைத்த அநீதி. பழைய பாக்கியும் சேர்ந்து ஜூன் மாத பில்கள் வந்தபோது மாநிலமெங்கும் கூக்குரல் எழுந்தது. ஹுப்பள்ளியிலுள்ள கர்நாடக வர்த்தகத் தொழிற்சபை ஜூன் 22 அன்று கடையடைப்புக்கு அழைத்தது.

மைசூரு மாவட்டத்தின் வருணா தொகுதியிலிருந்து வென்று முதலமைச்சரான சித்தராமையாவின் அரசு இதே வேளையில் கிருஹ ஜோதி திட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு வீட்டின் முந்தைய ஆண்டுச் சராசரி, அதோடு 10 சதவீதம், உச்சவரம்பு 200 யூனிட் என்பது அப்போதைய விதி. இந்த அளவுக்குள் எரித்தால் பில் பூஜ்யம். 200-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் கட்ட வேண்டும். வாடகைக்கு இருப்போரும் சேர்க்கப்பட்டனர். ஆகஸ்ட் 5 அன்று கலபுரகியில் திட்டம் தொடங்கப்பட்டது.

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அணைகள் நிறையவில்லை, மழைக்காலத்தில் ஓய்ந்திருக்க வேண்டிய பம்ப்செட்டுகள் ஓடின, அக்டோபரில் மின்தேவை 16,000 மெகாவாட் அளவுக்கு ஏறியது. பம்ப்செட்டுகளுக்கு ஏழு மணி நேரம் வந்த மின்சாரம் ஐந்து மணி நேரமாகக் குறைந்தது. மின்சாரச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் பயன்படுத்தித் தனியார் நிலையங்களின் மின்சாரத்தை அரசு மாநிலத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்டது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் மாநிலங்களிடமிருந்து கைமாற்றாகவும் பெற்றது. எதிர்க்கட்சியினர் பற்றாக்குறைக்கு இலவசத் திட்டத்தையே காரணம் காட்டினர். எரிசக்தி அமைச்சர் கே. ஜே. ஜார்ஜ் வறட்சியைக் காரணம் காட்டினார். அமைச்சர் சொன்னதே உண்மைக்கு நெருக்கமானது. கிருஹ ஜோதி பில்லைத்தான் மாற்றியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் பழைய சராசரியே எல்லையாக இருந்ததால் பயன்பாடு வரம்பின்றி வளர இடமில்லை. முந்தைய நல்ல மழை ஆண்டுகளில் கூடுதல் நிலையங்களுக்குத் திட்டமிடாமல் விட்ட குறையில் எல்லாக் கட்சிகளுக்கும் பங்குண்டு.

2024, 2025

2024 பிப்ரவரி ஆணைப்படி வீடுகளுக்கு ஒரே விலையாக 5.90 ரூபாய் வந்தது, 2025 ஏப்ரலில் அது 5.80 ஆனது, ஆனால் நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு 120 ரூபாயிலிருந்து 145 ஆகவும், ஊழியர் ஓய்வூதியத்துக்காக யூனிட்டுக்கு 36 பைசா கூடுதலாகவும் சேர்ந்தன. ஸ்மார்ட் மீட்டர் ஒப்பந்தங்கள் குறித்த சர்ச்சையும் 2025-இல் சட்டமன்றத்துக்கு வந்தது.