மூட்டு வலியும் மூலிகை இலையும்: நம் முன்னோர் பேணிய ஒழுங்கு



முதியோர் உள்ள இல்லங்களில் மூட்டுத் தேய்மானம் இன்று பொதுவான நோயாகிவிட்டது. நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர்கள் பள்ளிவாசல்தோறும் உள்ளனர். முடக்கத்தான் இலையை அரைத்துத் தோசை வார்ப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். இப்போதோ இலைச் சாற்றுப் பொடிகள் இப்னு சீனாவின் பெயரைச் சொல்லியே விற்கப்படுகின்றன. அந்த அறிஞர்கள் உண்மையில் எவ்வாறு செயல்பட்டார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியுள்ளான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அது அறிஞர்களைத் தேடலில் இறக்கியது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், கிரேக்கரான தியோஸ்கோரிதீஸின் மூலிகை நூல் பக்தாதில் அரபுக்குப் பெயர்க்கப்பட்டது. மொழிபெயர்த்தவர் இஸ்திஃபான் இப்னு பாஸில். சரிபார்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அரபுப் பெயர் தெரியாத செடிகளை அவர்கள் கிரேக்கப் பெயரிலேயே விட்டுவைத்தார்கள், ஊகித்து எழுதவில்லை. அடுத்த நூற்றாண்டில் அந்நூலின் கிரேக்கப் பிரதியொன்று பைசாந்தியப் பேரரசரிடமிருந்து குர்துபா நகருக்கு வந்தது. முஸ்லிம், யூத, கிறிஸ்தவ அறிஞர்கள் ஒன்றாக அமர்ந்து விடுபட்ட செடிகளை இனங்கண்டார்கள். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் மருந்தைச் சோதிக்க ஏழு நிபந்தனைகளை வகுத்தார். மருந்தின் பலன் ஒருமுறை தெரிந்தால் போதாது. தொடர்ந்தோ பெரும்பாலான வேளைகளிலோ தெரிய வேண்டும். மனித உடலிலேயே சோதிக்க வேண்டும். சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பலன் மனிதனுக்குச் சான்றாகாது. மாலகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைதார், மருந்துகளையும் உணவுகளையும் ஒரே நூலில் ஏறத்தாழ 1400 தலைப்புகளில் தொகுத்தார். ஊர் ஊராகச் சென்று செடிகளை நேரில் கண்டு, முன்னோர் நூல்களின் பிழைகளையும் சுட்டிக்காட்டினார்.

‘ஸஃப்ஸாஃப்’ எனப்படும் வில்லோ மரத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அதன் இலையையும் பட்டையையும் பண்டைய மருத்துவர்கள் வலிக்குப் பயன்படுத்தினர். 1763இல் எட்வர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் பட்டைத் தூளைக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை எழுதினார். 1828இல் பட்டையிலிருந்து சாலிசின் பிரிக்கப்பட்டது. அவ்வழியில் 1897இல் ஆய்வகத்தில் தூய வடிவில் உருவான மருந்து 1899இல் ஆஸ்பிரின் என்ற பெயர் பெற்றது. அது வலியை எவ்வாறு தணிக்கிறது என்பதை ஜான் வேன் 1971இல்தான் விளக்கினார். வலியைத் தணிக்கும் அதே பொருள் வயிற்றில் புண்ணையும் இரத்தக் கசிவையும் உண்டாக்கக்கூடும் என்பதும் பின்னாளில் தெளிவாயிற்று.

முன்னோர் மூட்டு நோவுகளை ‘வஜஉல் மஃபாஸில்’ என்ற பொதுத் தலைப்பின் கீழ் ஆராய்ந்தார்கள். அவற்றுள் மூட்டுத் தேய்மானம் தனி நோயாகப் பிரித்தறியப்பட்டது பிற்காலத்திலேயே. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளரச் செய்யும் என்று நிறுவப்பட்ட இலை இன்றுவரை எதுவும் இல்லை. கீரையாகச் சமைத்து உண்பது உணவு. அதையே செறிவான சாறாக்கி நாள்தோறும் அருந்தினால் அது மருந்து. மருந்துக்குரிய அளவும் எச்சரிக்கையும் அதற்கும் உண்டு. இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரை உட்கொள்வோர் மருத்துவரிடம் சொல்லாமல் எந்தச் சாற்றையும் தொடங்கலாகாது.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் அதன் தீங்குக்குப் பொறுப்பாளி என்பதும் நபி (ஸல்) அவர்களின் போதனையே. இது விற்பவருக்கு மட்டுமன்று, செய்திகளைப் பகிரும் நமக்கும் பொருந்தும். அடுத்த முறை ஒரு பொடியின் புகழ் நம் கைக்கு வரும்போது, பெற்றோருக்குக் கொடுக்கும் முன் இப்னு சீனா கேட்டதையே நாமும் கேட்போம்: இது யாரிடம், எத்தனை முறை சோதிக்கப்பட்டது? வல்ல அல்லாஹ் நம் பெரியவர்களுக்கு ஆஃபியத்தை அருள்வானாக. ஆமீன்.